மோர்வித்தின் பதினோரு பெட்டிகள்

பிப்ரவரி 4, 2019, திங்கள்

பதினோரு பெட்டி. கவிஞர் மோர்வித் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்று காலை கடிதமும் கவிதையுமாக வேனில் ஏறி நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கே வந்து இறங்கிவிட்டாள். மழையில் நனையாமல் இருக்கப் பெட்டிகளுக்கு மேல் தார்ப்பாய் வேறு. நான் பேருந்து நிறுத்தத்திலிருந்து நனைந்துகொண்டே வந்தேன்.

கையெழுத்துப் பிரதிகள் பிரிவின் தலைவன் ரோத்ரி, என்னைவிட இருபத்தெட்டு வயது சின்னவன், நேராக என் மேஜைக்கு வந்தான். "டெக்வென், இத நீங்கதான் பண்ணணும். அவங்கள உங்க அளவுக்குத் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்கா?" என்றான். வாஸ்தவம்தான். ஐந்து வயதில் ஞாயிறு பள்ளியில் அவள் பக்கத்தில் உட்காரத் தொடங்கியவள் நான். அன்றும் பாதிரியார் கேட்ட கேள்விக்கு அவள்தான் கை தூக்கினாள்.

மே மாதம் கண்காட்சி. அதற்குள் எல்லாவற்றையும் பிரித்து, வரிசைப்படுத்தி, பட்டியல் போட்டு முடிக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? நான் அவள்மேல் ஐம்பது வருடமாகப் பொறாமைப்படுகிறேன், வேறு ஆள் பாருங்கள் என்றா?

வீட்டுக்கு வந்து இத்வலிடம் சொன்னேன். ஆட்டுக்கு ஊசி போட்ட கையைக் கழுவிக்கொண்டே, "பாவம், நல்லவ" என்றான். என் கணவன் வாயிலிருந்து ஒரு நாளில் மொத்தமே இருபது சொல் வரும். அதில் இரண்டு அவளுக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 5

முதல் பெட்டி. அவளுடைய சமையல் குறிப்புகள்கூட எதுகை மோனையோடு இருக்கின்றன.

பிப்ரவரி 8, வெள்ளி

மோர்வித்தின் மகள் ஹெலெத் வந்திருந்தாள். கார்டிஃபில் வக்கீல். திராட்சை போட்ட ரொட்டி ஒன்று சுட்டுக்கொண்டு வந்தாள், "அம்மா செய்முறைதான் ஆன்ட்டி டெக்வென்" என்று. நன்றாகத்தான் இருந்தது. இரண்டு துண்டு தின்றேன், வெண்ணெய் தடவி.

போகிற போக்கில் நாற்காலியையும் நூலகத்துக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அந்த நாற்காலி. 1987இல் எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கின் கவிதைப் போட்டி விழாவான ஐஸ்டெத்வட்டில், 'சுவர்' என்ற தலைப்பில் மரபுக் கவிதை எழுதி மோர்வித் முதல் பரிசாக ஜெயித்த ஓக் மர நாற்காலி. முப்பத்திரண்டு வருடம் அவள் வீட்டு முன்னறையில் கிடந்தது. நான் பார்த்த நாளெல்லாம் அதில் பூனைதான் தூங்கியது. ஒரு நாற்காலிக்காக நாடே எழுதி எழுதிச் சாகிறது. இவளுக்கு அது பூனைக்குப் படுக்கை.

ஜெயித்த கவிதையில் ஒரு வரி உண்டு. பள்ளிக்கூடச் சுவரில் ஸ்லேட் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் போடுகிறார்கள், கல்லறையில் போடுகிறார்கள், போன வருடம் ஒரு சீமைச்சாராயக் கம்பெனி கேட்டதாம்.

*காற்றுக்கு வழிவிட்ட சுவரே
காலத்துக்கும் நிற்கும்.*

நல்ல வரி. அதுதான் எனக்கு ஆத்திரம். மட்டமான வரியாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். 1987இல் நானும் எழுதினேன். மூன்று மாதம், மதிய இடைவேளையில், நூலகத் தட்டச்சு இயந்திரத்தில். விதிப்படி மூன்று பிரதி. ஒவ்வொன்றிலும் புனைபெயர் மட்டும். என் நிஜப் பெயர் தனியாக, ஒட்டி மூடிய உறைக்குள். புனைபெயர் 'வடக்கு ஜன்னல்'. போட்டியில் கலந்துகொள்கிறேன் என்று கட்டியவனிடம்கூட மூச்சு விடக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். நானும் விடவில்லை.

விழாப் பந்தலில் இத்வல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுவர் மேடையில் நின்று ஒவ்வொரு புனைபெயராகப் படித்தார். "வடக்கு ஜன்னல், மூன்றாம் வகுப்பு. அவசரம் தெரிகிறது." அவ்வளவுதான். அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பிறகு ஊதுகொம்பு ஊதியது. ஜெயித்தவர் எழுந்து நிற்கலாம் என்றார்கள். இரண்டு வரிசை முன்னால் மோர்வித் எழுந்தாள். பந்தலே எழுந்து கைதட்டியது. இத்வல் கைதட்டியதில் அவன் உள்ளங்கை சிவந்திருந்தது. நான் பார்த்தேன்.

அதோடு எழுதுவதை விட்டுவிட்டேன். தோற்றவர்களின் கவிதைகளும் பிரிக்காத உறைகளும் விழாக் குழுவிடமிருந்து இங்கேதான் வந்து சேர்ந்தன. கீழ்த்தளக் காப்பறையில், கதவிலிருந்து நான்காவது அலமாரி. தினமும் அதைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போகிறேன்.

பிப்ரவரி 14, வியாழன்

நான்காம் பெட்டி முழுக்க அவளுக்கு வந்த கடிதங்கள். யார் யாரோ எழுதியிருக்கிறார்கள். பிஷப், கசாப்புக் கடைக்காரர், சிறையில் இருந்த ஒரு மாணவன், தென் அமெரிக்காவில் பதகோனியாவிலிருந்து வெல்ஷ் பேசும் ஒரு டாக்டர். எனக்கு யார் எழுதியிருக்கிறார்கள்? மின்வாரியம் எழுதியிருக்கிறது.

துருப்பிடித்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தாள்களை மடிப்பு நீக்கி, அமிலமில்லாத உறையில் போட்டு, பென்சிலால் எண் எழுதுகிறேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. என் பொறாமை வேறு, என் வேலை வேறு.

பிப்ரவரி 20

நாற்காலி வந்துவிட்டது. காலையில் யாரும் வருவதற்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்புக்கு இறுக்கம். முதுகில் செதுக்கியிருக்கும் டிராகன் குத்துகிறது. பூனைமுடி வேறு.

பிப்ரவரி 21, வியாழன்

ஏழாம் பெட்டி. 'சுவர்' கவிதையின் வரைவுகள். அடித்து அடித்து எழுதியிருக்கிறாள். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினாறு தாளிலும் ஒரே இடத்தில் அடித்திருக்கிறாள். அதே இடம்தான், அந்த ஸ்லேட் கல் வரி வர வேண்டிய இடம். பதினேழாவது தாளைத் திருப்பினேன்.

இத்வல் கையெழுத்து.

பண்ணைத் தீவன ரசீதின் பின்பக்கம். தச்சுப் பென்சில். தேதி 1987 மார்ச் 14. நான் படித்ததை அப்படியே எழுதுகிறேன். மறந்துவிடும் என்பதற்காக இல்லை.

'மோர்வித், மேல்வயல் சுவர் மறுபடி சரிந்தது. நீ சொல்லி அனுப்பிய சிமெண்டுக்காரன் பூசிய பக்கம்தான் விழுந்தது; என் அப்பா வெறுங்கல்லாய் அடுக்கிய பக்கம் அப்படியே நிற்கிறது. பூசினால் காற்று உள்ளே வர முடியாமல் தள்ளும். நீ மாட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அதையே சொல்லிப் பாரேன்: காற்றுக்கு வழிவிட்ட சுவரே காலத்துக்கும் நிற்கும். அசை சரியாக விழுகிறது, எண்ணிப் பார்த்தேன். ஆடுகளுக்குக் கால் அழுகல், இரண்டைப் பிரித்துக் கட்டியிருக்கிறேன். டெக்வெனுக்குத் தெரிய வேண்டாம். இதைக் கிழித்துவிடு. இத்வல்.'

டெக்வெனுக்குத் தெரிய வேண்டாம்.

முப்பத்தாறு வருஷம் இந்த ஆளுக்குச் சோறு போட்டிருக்கேன். சட்டைக்குப் பித்தான் தச்சிருக்கேன். எனக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து எழுதினதில்ல; கடையில அச்சடிச்சதுக்குக் கீழ 'இத்வல்'னு கையெழுத்து. அவளுக்கு மட்டும் எங்க இருந்து வந்துச்சு வரி? அசை வேற எண்ணிப் பாத்தானாம்.

பிப்ரவரி 22, வெள்ளி

யோசித்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். மோர்வித் பள்ளி ஆசிரியை. அவள் எங்கே சுவர் அடுக்கினாள்? அவள் கையில் சாக்பீஸ் தூளைத் தவிர எதுவும் ஒட்டியதில்லை.

பட்டியலில் எழுதிப் பார்த்தேன். முதலில் இப்படி: 'இத்வல் ரோலண்ட்ஸ் எழுதிய கடிதம். மோர்வித்தின் புகழ்பெற்ற வரி அவருடையதல்ல என்பதற்குச் சான்று.' எழுதியதும் ஐஸ்கிரீம் தின்ற மாதிரி குளிர்ந்தது. போட்டிக்கு அனுப்புவது முழுக்கச் சொந்த எழுத்தாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே வாக்கியத்தில் நாற்காலி ஆட்டம் கண்டுவிடும். ஸ்லேட் கல்லை எடுத்துவிடுவார்களா?

ஐந்து நிமிடம்தான் அந்தக் குளிர்ச்சி. பிறகு உறைத்தது: ஊர் அவளைப் பற்றி மட்டும் பேசாது. 'அப்ப டெக்வெனுக்குத் தெரியவே தெரியாதா' என்று என்னைப் பற்றித்தான் பேசும்.

அழித்துவிட்டு, 'பல்வகைக் கடிதங்கள்' என்று எழுதினேன். எங்கள் தொழிலில் எதையும் மறைக்க வேண்டுமென்றால் இந்த இரண்டு சொல் போதும். அதுவும் போதாது என்று பட்டது. கடைசியில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதக் கூசுகிறது. கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், மூடிப்போன ஒரு தேவாலயத்தின் ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அந்தப் பெட்டியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தாளைக் கிழித்தால் குற்றம். தப்பான பெட்டியில் வைத்தால் அது வெறும் தவறு. யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். முப்பத்தெட்டு வருடப் பணியில் இதற்கு முன் ஒரு தாளைக்கூட இடம் மாற்றியதில்லை.

பிப்ரவரி 25

இத்வல் கேட்டான், ஏன் சூப்பில் உப்பே இல்லை என்று. மோர்வித்திடம் கேள் என்று வாய்வரை வந்தது.

மார்ச் 1, வெள்ளி

புனித டேவிட் நாள், எங்கள் நாட்டுத் திருநாள். பள்ளிப் பிள்ளைகள் நாட்டின் சின்னமான லீக் வெங்காயத் தண்டைச் சட்டையில் குத்திக்கொண்டு ஸ்லேட் கல்லுக்கு முன்னால் நின்று அந்த வரியை ஒப்பித்தார்கள். மோர்வித்துக்காக ஒரு நிமிட மௌனம். நான் மௌனத்தைக் கவனிக்கவில்லை, இத்வல் முகத்தைக் கவனித்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவளை நினைக்கிறானா, தன் வரியை நினைக்கிறானா, இல்லை, ஈனப்போகும் ஆடுகளையா? இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அந்த முகத்தை என்னால் படிக்க முடியவில்லை. பழைய கையெழுத்துகளைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

அவர்களுக்குள் என்ன இருந்தது? கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பிறகு என்ன செய்வேன்?

மார்ச் 6, புதன்

யாரும் கேட்காத அந்தப் பெட்டியை இன்று ஒருவர் கேட்டார்.

பியூ என்று ஒரு பெரியவர், கனடாவில் வின்னிபெக்கிலிருந்து வந்தவர். அவருடைய தாத்தா அந்த ஞாயிறு பள்ளியில் படித்தாராம். நான் மதியம் சாப்பிட்டுவிட்டு வாசிப்பறைக்குத் திரும்பினால் மேஜையில் பெட்டி திறந்து கிடக்கிறது. பியூ கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார். தீவன ரசீது அவர் கையில்.

"இது இங்க சேர்ந்தது இல்லன்னு நினைக்கிறேன். பதிவேடெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதோட முடியுது" என்றார். நன்றி சொல்லிக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. எங்கள் வெல்ஷ் மொழி அவருக்கு ஒரு வார்த்தையும் தெரியாது, தாத்தாவோடு போய்விட்டதாம். கையெழுத்து அழகாக இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. வாசகருக்கு உதவுவதுதான் என் வேலை.

பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், என் கணவன் இன்னொருத்திக்கு எழுதிய கடிதத்தை வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். சிமெண்டு, வெறுங்கல், காற்று, அசை, ஆட்டுக்குக் கால் அழுகல். கடைசி வரியை இருமிவிட்டுச் சொன்னேன்.

"டெக்வென் யாரு?" என்றார்.

"எழுதினவரோட மனைவி."

"ஓ. அப்ப இது காதல் கடிதமா?"

"தெரியல" என்றேன்.

அவர் தாளை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "எனக்கு ரெண்டு தடவ கல்யாணம் ஆச்சு. காதல் கடிதத்துல ஆட்டுக் கால் அழுகல் பத்தி நான் எழுதினதில்ல" என்றார். பிறகு தாத்தாவின் பெயரைத் தேடப் போய்விட்டார். பெயர் கிடைத்தது. 1911இல் பதினாறு ஞாயிறு வரவில்லை என்று போட்டிருந்தது. அதற்கு அத்தனை சந்தோஷப்பட்டார்.

கடிதத்தை ஏழாம் பெட்டிக்கே கொண்டுபோனேன். பதினேழாவது தாளாகவே வைத்தேன். 'இங்க சேர்ந்தது இல்ல' என்று வெளியூர்க்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

மார்ச் 7, வியாழன்

கடிதம் அதன் இடத்துக்கு வந்துவிட்டால் அடுத்த வேலையும் வந்துவிடுகிறது. தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள சொற்கள் எழுதியவருக்குச் சொந்தம். எழுதியவர் உயிரோடு இருந்தால் பார்வைக்கு வைக்க அவருடைய கையெழுத்து வேண்டும். இதுவரை நாற்பத்தொன்பது பேருக்கு அனுமதிப் படிவம் அனுப்பியிருக்கிறேன், பிஷப்பின் வாரிசு உட்பட. ஐம்பதாவது படிவத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இத்வல் கொட்டகையில் இருந்தான். ஒரு ஆடு இரட்டைக் குட்டி போட்டு, ஒன்றை மட்டும் நக்கிவிட்டு இன்னொன்றை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. வைக்கோல் கட்டின்மேல் படிவத்தையும் கடிதத்தின் நகலையும் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு படித்தான். முகம் மாறவில்லை. காது மட்டும் சிவந்தது.

"கிழிக்கச் சொன்னேனே அவள" என்றான்.

எனக்குத் தெரியக் கூடாது என்று ஏன் எழுதினாய் என்று கேட்டேன். போட்டிக்கு எழுதுகிறவர் யார் என்று யாருக்கும் தெரியக் கூடாதே, நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவள், விழாக் குழுவில் பாதிப் பேர் எனக்குப் பழக்கம், வாய் தவறிவிட்டால் மோர்வித்தின் போட்டி போய்விடுமே என்று பயந்தானாம். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் அந்தக் குட்டியைத் தாயின் மடிக்குத் தள்ளிக்கொண்டே இருந்தான். "சுவரு அவளோடது டெக். ஒரு கல்லு குறைஞ்சுது, எடுத்துக் குடுத்தேன். யாரு கேட்டாலும் குடுத்திருப்பேன்."

"எனக்கு ஒரு கல்லு குடுத்திருக்கியா?"

அவன் நிஜமாகவே குழம்பினான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "உனக்கா? நீ பாட்டெல்லாம் எழுதுவியா என்ன?"

கொட்டகையை விட்டு வந்துவிட்டேன். என்ன சொல்வது? எழுதினேன், மூன்றாம் வகுப்பு, அவசரம் என்றா? அவள் கூடப் படுத்தேன்னு சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது. அவளுக்குப் பாட்டு வரும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. பக்கத்துலயே படுத்துக்கிடக்கறவளுக்கும் வரும்னு தோணவே இல்ல.

நான் சொன்னால்தானே தெரியும். அதுவும் உண்மைதான். உண்மையாக இருப்பதால் கோபம் குறையவில்லை.

மார்ச் 9

படிவத்தில் கையெழுத்துப் போட்டு ரொட்டி டப்பாவின்மேல் வைத்திருக்கிறான். எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 16, சனி

இன்று செய்ததைக் கேவலம் என்றுதான் சொல்ல வேண்டும். இத்வல் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தான். அவன் அலமாரியைத் திறந்து, 1987 விழா மலரைத் தேடி எடுத்தேன். ஜெயித்த கவிதைகளும் நடுவர் தீர்ப்புகளும் அச்சிட்ட புத்தகம். எல்லா வீட்டிலும் இருக்கும். நான் அதை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை; ஆசிரியரிடம் அடி வாங்கிய இடத்தைத் திரும்பப் போய்ப் பார்ப்பார்களா?

எதற்காகத் தேடினேன் என்றும் எழுதிவிடுகிறேன். மோர்வித்தின் கவிதைப் பக்கத்தில் அவன் என்னென்ன கிறுக்கியிருக்கிறான் என்று பார்க்க. கோடு போட்டிருப்பான், ஒரு பூ வைத்திருப்பான், ஏதோ ஒன்று. பல் வலிக்கிற இடத்தை நாக்கு தேடிப் போகிற மாதிரிதான்.

அவள் கவிதை பன்னிரண்டு பக்கம். ஒரு பென்சில் கீறல் இல்லை. தன் வரிக்குப் பக்கத்தில்கூட இல்லை.

மூட இருந்தேன். புத்தகம் தானாக வேறொரு இடத்தில் விரிந்தது. அடிக்கடி திறந்த புத்தகம் அப்படித்தான் விரியும்; இது எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது. நடுவர் தீர்ப்பு, பக்கம் 23. தோற்றவர்களைப் பற்றிய பகுதி.

'வடக்கு ஜன்னல்: மூன்றாம் வகுப்பு. அவசரம் தெரிகிறது, தளை பல இடங்களில் தட்டுகிறது. ஆனால் இந்த மூன்று வரிகளை இந்தப் போட்டியில் வேறு யாரும் எழுதவில்லை:

*இந்தப் பக்கம் நின்றாலும் சுவர்,
அந்தப் பக்கம் நின்றாலும் சுவர்;
யாரை யார் அடைத்தோம்?*'

மேடையில் நடுவர் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார். நேரம் போதாமல் இருந்திருக்கும். முப்பத்திரண்டு வருடமாக எனக்குத் தெரிந்தது அந்த முதல் பாதி மட்டும்தான்.

மூன்று வரியைச் சுற்றியும் தச்சுப் பென்சிலால் கட்டம். ஓரத்தில் இத்வலின் எழுத்து: 'யார் இது? கண்டுபிடிக்கணும்.' அதற்குக் கீழே வேறு பென்சிலில், வேறு வருடம்: 'மோர்வித்துக்கும் தெரியலையாம்.' அதற்கும் கீழே, நடுங்கும் எழுத்தில், போன வருடம் கண் அறுவைக்குப் பிறகு எழுதியதாக இருக்க வேண்டும்: 'செத்துப் போயிருப்பாரோ.'

அடுக்களைக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த வரிகளை நான் முதலில் நினைத்தது இந்த ஜன்னல் முன்னால் நின்றுதான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அவன் வெளியே நின்று சுவர் அடுக்கிக்கொண்டிருந்தான். மடையன். எத்தனை தடவை நான் துலக்கிய தட்டில் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய் இந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறான்.

மடையன் என்று எழுதிவிட்டு அழுதேன்.

சந்தையிலிருந்து வந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னாச்சு என்றான். வெங்காயம் என்றேன். உப்பு சரியாகப் போட்டேன் இன்று.

மார்ச் 20, புதன்

ஹெலெத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் பெயர் கெடும் என்று கத்துவாள், வக்கீல் மொழியில் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அதான் விஷயமா" என்றாள். "யாராவது அந்த வரியப் பாராட்டினா அம்மாவுக்கு மூஞ்சி சுருங்கிடும் ஆன்ட்டி. பள்ளிக்கூடத்துல கல்லு திறந்த அன்னிக்கி வயித்து வலின்னு பாதியில வந்துட்டாங்க. பன்னெண்டு பக்கம் எழுதினேன், ஒருத்தரும் மத்த வரியச் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு ஒரு தடவ அழுதாங்க. எனக்கு அப்பப் புரியல." கடிதத்தை மறைக்க வேண்டாம், அம்மா எதையும் கிழிக்கிறவள் இல்லை, வேண்டுமென்றேதான் வைத்திருப்பாள் என்றும் சொன்னாள்.

நாட்டில் எந்தப் பெட்டி வந்தாலும் இங்கே யார் மேஜைக்குப் போகும் என்று மோர்வித்துக்குத் தெரியும். பதினாறு தாளை வரிசை மாறாமல் வைத்து, பதினேழாவதாக அதை எனக்கென்றே வைத்திருக்கிறாள். கை தூக்கிப் பதில் சொல்கிற பழக்கம் கடைசிவரை போகவில்லை அவளுக்கு.

அவளைப் பாவம் என்று நினைக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்த்தேன். கொஞ்சம் முடிகிறது. நாற்காலியைப் பார்த்தால் மறுபடி முடியவில்லை.

பட்டியலில் கடைசியாக எழுதியது: '7/17. இத்வல் ரோலண்ட்ஸ், விவசாயி, மோர்வித் பிரீஸுக்கு எழுதிய கடிதம், 14 மார்ச் 1987. 'சுவர்' கவிதைக்கு ஒரு வரி பரிந்துரைக்கிறது. பூச்சில்லாத கல் சுவர், ஆடுகளின் நோய் பற்றியும்.' உள்ளதை உள்ளபடி. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ரோத்ரி படித்துவிட்டு என்னைப் பார்த்தான். போய் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தான்.

ஏப்ரல் 2

ஆடுகளெல்லாம் குட்டி போட்டு முடியும்வரை காத்திருக்கிறேன். இந்த நேரத்தில் அவனிடம் எதையும் சொல்ல முடியாது. அன்றைக்குத் தாய் தள்ளிய குட்டி பிழைத்துக்கொண்டது. அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது. நூலகப் பெட்டிதான். ரோத்ரிக்குத் தெரிய வேண்டாம்.

ஏப்ரல் 24, புதன்

இத்வலை நூலகத்துக்கு அழைத்துப்போனேன். என் வேலை இடத்துக்குள் அவன் வந்தது இதுதான் முதல் தடவை. இதுவரை வாசலில் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பதோடு சரி. கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். தாளில் மை படக் கூடாதென்று பேனாவை வாசலில் வாங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். எனக்குப் பென்சில்தான் பழக்கம் என்று அவர்களிடம் சொன்னான்.

நான்காம் எண் மேஜையில் உட்காரவைத்து, நான்காவது அலமாரியிலிருந்து 1987 பெட்டியை எடுத்து வந்தேன். தட்டச்சு செய்த பதினோரு தாளை மட்டும் அவன் முன்னால் வைத்தேன். முதல் தாளில் புனைபெயரைப் பார்த்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ கண்டுபிடிச்சிட்டியா அவர?"

"முதல்ல படி" என்றேன்.

என் மேஜைக்குப் போய் உட்கார்ந்து வேலை பார்ப்பதுபோல் நடித்தேன். நாற்பது நிமிடம் ஆனது. விரலால் மேஜையில் தட்டி அசை எண்ணுவது தெரிந்தது. ஒரு இடத்தில் திரும்பப் பின்னால் போய்ப் படித்தான். முடித்துவிட்டு, தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கிவைத்துவிட்டு என்னிடம் வந்து, அந்த ஒட்டிய உறையை யார் பிரிக்கலாம் என்று கேட்டான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். தேவாலயத்தில்கூட அப்படிப் பேசமாட்டான்.

எழுதியவர் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து நானே பிரித்தேன். உள்ளே கால் தாள். அவன் கையில் கொடுத்தேன். அதில் என் பெயரும் எங்கள் பண்ணையின் விலாசமும் இருந்தன. விலாசத்தை அவன் இரண்டு தடவை படித்தான். அப்புறம் கோட்டுப் பையில் கைக்குட்டை தேடினான். இல்லை. கையைக் கழுவிவிட்டுத்தான் தாளைத் தொட வேண்டும் என்று சொல்லியிருந்ததால் கையால் முகத்தைத் துடைக்கவும் தயங்கினான். என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்ப அவன்தான் வண்டி ஓட்டினான். பாலம் தாண்டியதும், சாலையைப் பார்த்தபடியே சொன்னான்: "ஆறாவது பத்தியில ஒரு கல்லு ஆடுது, டெக்."

"எதுன்னு மட்டும் சொல்லு" என்றேன். "எடுத்துக் குடுக்காத."

சரி என்றான். மேல்வயல் வரும்வரை அந்தப் பத்தியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அவன் சொற்களை எண்ணிக்கொண்டேதான் வந்தேன், இருபதைத் தாண்டிப் போய்விட்டது.